மருந்து மாப்பிள்ளை

வாயைத் திறப்பதற்கு முன் இரண்டு முறை யோசிக்க வேண்டிய சொற்கள் தமிழில் சில உண்டு. ‘மருந்து’ அவற்றில் ஒன்று. காய்ச்சலுக்குக் குடிப்பது மருந்து. வெடிக்குள் திணிப்பதும் மருந்து. பயிரில் விழுந்த பூச்சிக்கு அடிப்பதும் மருந்துதான். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு உயிரைக் காப்பாற்றவும் செய்கிறோம், எடுக்கவும் செய்கிறோம். நாலாவதாக ஓர் அர்த்தமும் இருக்கிறது. சின்ன வயதில் பெண்கள் குரலைத் தாழ்த்திப் பேசிக் காதில் விழுந்ததுதான். ஆனால் முப்பது வயதில், ஒரு கூடம் நிறைய ஆட்கள் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது, அது எனக்கு நினைவுக்கு வரவில்லை. வந்திருந்தால் என் மாமனார் வீட்டில் எனக்குக் கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும்.

எண்பதுகளின் நடுவில் நான் திருவண்ணாமலையில் ஓர் உரக்கடையில் வேலை பார்த்தேன். யூரியா மூட்டைகளுக்கும் பூச்சி மருந்து டின்களுக்கும் நடுவில் எனக்கு ஒரு ஸ்டூல். அதில் உட்கார்ந்தால் எதிர்க் கட்டடங்களுக்கு மேலே மலை தெரியும். காலையில் ஈரக்கல் நிறம், மத்தியானம் சாம்பல், சாயங்காலம் பெயர் இல்லாத ஏதோ ஒன்று. அந்த நிறங்களைப் பார்த்துக்கொண்டே விஷம் விற்றேன். “ஒரு டேங்குக்கு ஒரு மூடி” என்று சொல்லித்தான் கொடுப்பேன். “சரிங்க” என்பார்கள். வயலுக்குப் போய் இரண்டு மூடி ஊற்றுவார்கள். (சாமி விளக்குக்கு எண்ணெயைக் குறைத்து ஊற்றுகிறவர்கூட மருந்தில் கஞ்சத்தனம் பார்க்கமாட்டார்.)

அந்த வாசனை விரல் இடுக்கில் போய்க் குடியேறிவிடும். சோப்பு, சீயக்காய், புளி, சாம்பல், எதற்கும் அசையாது. ஒருநாள் மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிட வந்தவன், நாலு வயது மகளுக்கு ஒரு வாய் ஊட்டலாமென்று பருப்புச் சோற்றைப் பிசைந்து நீட்டினேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“அப்பா கை வாணாம். மருந்து நாத்தம்.”

அம்மாவின் கையால் வாங்கிக்கொண்டாள். என் உருண்டை என் கையிலேயே இருந்தது. அதை நானே சாப்பிட்டேன். கடைக்குத் திரும்பும் வழியெல்லாம் ஒரே யோசனை. கையில் பட்டதே இப்படி ஒட்டிக்கொண்டால் கதிரில் பட்டது எங்கே போகிறது? மழை கழுவுமா, அரிசி களைகிற தண்ணீர் கழுவுமா, உலைக் கொதிப்பு கழுவுமா? அன்று பிடித்த பேய் அது.

பேய்க்கு வேப்பிலைக்குப் பதிலாக உடுக்கை கிடைத்தது செங்கம் ரோட்டில். ஆசிரமத்துப் பக்கம் வெள்ளைக்காரர்கள் வாடகை அறைகளில் தங்கியிருப்பார்கள். அவர்களை நம்பி ஒரு மளிகைக் கடை. கடைக்காரர் ஒரு சாக்கை மட்டும் தனியாக வைத்திருப்பார். “உரம் போடாத அரிசி சார். மழையிலயே வெளஞ்சது. மருந்துன்னா இன்னான்னே தெரியாது இதுக்கு.” விலை இரண்டு மடங்கு. எனக்கு முன்னால் வேட்டி கட்டிய ஒரு வெள்ளைக்காரர் ஒரு பிடி அள்ளி முகர்ந்து, கண்ணை மூடி, பத்து கிலோ வாங்கிக்கொண்டு போனார். நானும் ஒரு பிடி அள்ளினேன், முகர்ந்தேன், கண்ணை மூடினேன். இரண்டு கிலோ வாங்கினேன். (கண்ணை மூடியதற்கு ஒரு கிலோ, அவருக்குப் பின்னால் நின்ற வெட்கத்துக்கு ஒரு கிலோ.)

என் மனைவி அம்சா அரிசியையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

“காலைல பூரா மருந்து விக்கறது. சாயங்காலம் அதுக்கே பயப்படறது. உங்க முதலாளிக்குத் தெரியுமா?”

“கிண்டல் பண்ணாத அம்சா. புள்ளைங்க சாப்பிடற சோறு.”

“சோறு இருந்தாதான சாப்பிடும். இந்த வெலைக்கு மாசம் பூரா வாங்கினா கொழம்புக்கு இன்னா பண்றது?”

குழம்புக்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். புழு இருக்கிற காயில் மருந்து இருக்க முடியாது. மருந்து இருந்தால் புழு எப்படி இருக்கும்? ஆகவே புழுக் கத்தரிக்காயே நல்ல கத்தரிக்காய். அதிலும் பாருங்கள், அது பாதி விலை. கொள்கையும் கஞ்சத்தனமும் ஒரே கூடையில் கிடைத்தது என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். மார்க்கெட்டில் நல்ல காய்களை ஒதுக்கிவிட்டு ஓட்டைகளாகப் பொறுக்கி எடுப்பேன். கத்தரிக்காய் விற்கிற அம்மா முதல் வாரம் என்னை இரக்கத்தோடு பார்த்தாள். இரண்டாவது வாரம் பக்கத்துக் கடைக்காரிக்குக் கண்ணைக் காட்டினாள். மூன்றாவது வாரத்திலிருந்து, “ஓட்டக் கத்திரிக்கா சார் வராரு, அதக் கொண்டா” என்று குரல் கொடுக்க ஆரம்பித்தாள். மார்க்கெட்டில் அழுகத் தயாராக இருந்த எல்லாமும் எனக்காகக் காத்திருந்தன.

அம்சா அரிவாள்மணையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிளப்பாள்.

“ஏங்க, இன்னிக்கி இது கத்திரிக்காக் கொழம்பா, கறிக் கொழம்பா? ரெண்டும் இருக்குது.”

நான் சிரிக்கமாட்டேன். கொள்கைக்காரனுக்குச் சிரிப்பு சீக்கிரம் வராது.

அரிசி விஷயத்தில்தான் நான் உண்மையான பாவத்தைச் செய்தேன். என் மாமனாருக்குக் கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் கொஞ்சம் நிலம். நெல்லும் மல்லாட்டையும் (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர்) போடுவார். ஒவ்வொரு அறுப்புக்கும் மகள் வீட்டுக்கு இரண்டு மூட்டை அரிசி வரும். எங்கள் அடுப்பு எரிந்ததே அதை நம்பித்தான். அந்த வருஷம் ஆவணியில் மூட்டைகளோடு வந்து இறங்கியவரிடம், “வாணாம் மாமா, இனிமே நாங்களே வாங்கிக்கறோம்” என்றேன். காரணம் சொல்ல வெட்கமாக இருந்தது. அவர் தெளித்த மருந்து என் கடையில், என் கையால் வாங்கியது. அவர் என்னைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார். பிறகு பிரித்தார். மறுபடி மடித்தார்.

“சரிங்க மாப்ள. உங்க இஷ்டம்.”

மூட்டைகளைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போனார் என்று நினைத்தேன். அன்று நான் என்னைப் பெரிய தியாகி என்று நினைத்துக்கொண்டேன். அதற்கப்புறம் ஆறு மாதம் செங்கம் ரோட்டு அரிசிதான் எங்கள் வீட்டில். சாப்பிடும்போது ஒவ்வொரு நாளும் ஒரு சொற்பொழிவு. “பாத்தியா அம்சா, மணத்தப் பாரு. உரம் போட்ட அரிசியில இந்த மணம் வருமா? நாக்குல பட்டதுமே தெரிஞ்சுடும்.” அம்சா தலையை ஆட்டியபடி ரசம் ஊற்றுவாள். நான் இளைத்தேன். முன்னந்தலையில் முடி கொட்டியது. உடம்பில் தேங்கிய விஷம் வெளியேறுகிறது என்று எனக்கு நானே விளக்கம் கொடுத்துக்கொண்டேன்.

இந்த நிலைமையில்தான் மாசி மாதம் என் மைத்துனி மஞ்சுளாவுக்கு ஓர் இடம் கூடி வந்தது.

மஞ்சுளாவுக்கு ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப் போயிருந்தது. ஒன்று நகையில் நின்றது. இன்னொன்று எதில் நின்றது என்று யாரும் சொல்லவில்லை. அதுதான் அவளை அதிகம் வாட்டியது. இது மூன்றாவது. பையன் பெயர் ஏழுமலை, சேத்துப்பட்டுப் பக்கம், சொந்த நிலம், பம்ப்செட். அப்பா அம்மா இல்லை. வளர்த்தது அத்தை. பெண்ணைப் பார்த்துப் பிடித்துவிட்டது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அடுத்த படி கை நனைப்பது. எங்கள் பக்கத்து வழக்கம் அது. பெண் வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்து சோற்றில் கை வைத்துவிட்டால் சம்பந்தம் முடிந்த மாதிரி. அதுவரை தண்ணீர்கூட யோசித்துத்தான் குடிப்பார்கள். கை நனைத்தபின் பின்வாங்குவது கௌரவம் இல்லை. நனைக்காமல் எழுந்து போனால் அந்த வீட்டுப் பெண்ணுக்கு அது ஒரு வடு.

பஸ்ஸில் போகும்போதே அம்சா என் மடியில் இருந்த மஞ்சள் பையைத் தொட்டுப் பார்த்தாள்.

“இன்னாது?”

“தூக்குச்சட்டி. எனக்கு மட்டும் கொஞ்சம் சோறு.”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச தூரம் போன பின், “அங்க வந்து வாயத் தெறக்காதீங்க” என்றாள். “மஞ்சுவ நெனச்சுக்கோங்க.” நான் சரி என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

கூடத்தில் பாய் விரித்து, வரிசையாக இலை போட்டார்கள். எதிர் வரிசையில் ஏழுமலை, அவன் அத்தை அலமேலு, உறவுக்காரர்கள் நாலைந்து பேர். இந்தப் பக்கம் வீட்டின் மூத்த மாப்பிள்ளை என்ற மரியாதையில் நான், அலமேலு அத்தைக்கு நேர் எதிரே. புது அரிசிச் சோறு இலையில் ஆவி பறந்தது. கார்த்திகையில் நெற்பயிரில் புகையான் பூச்சி விழுந்து மாமனார் நாலு தரம் மருந்து அடித்துக் காப்பாற்றிய நெல் அது. அவருக்கு அந்தச் சோறு வெற்றி. எனக்கு அந்த ஆவியில் நாலு டின்னும் தெரிந்தது.

நான் இலைக்குத் தண்ணீர் தெளித்தேன். உப்பைத் தொட்டு நாக்கில் வைத்தேன். வாழைப்பழத்தை உரித்தேன். பிறகு, யாரும் பார்க்கவில்லை என்ற நம்பிக்கையில், மஞ்சள் பையிலிருந்து தூக்கை எடுத்தேன்.

அலமேலு அத்தை பார்த்தாள். குறை ஏதாவது கிடைக்குமா என்று வாசல் படியிலிருந்தே பார்த்துக்கொண்டு வந்தவள்.

“இன்னா மாப்ள, தூக்குல இன்னா?”

“சோறுங்க. வீட்லேர்ந்து எடுத்தாந்தேன்.”

“மாமியார் ஊட்டுக்கு வந்து கட்டுச்சோறா?” பெண்கள் சிரித்தார்கள். “ஏன், இந்த ஊட்டு சோறு எறங்காதா?”

வயிறு சரியில்லை என்று ஒரு வார்த்தை போதும். உலகத்தில் எத்தனை சம்பந்தங்கள் அந்த ஒரு பொய்யால் நிலைத்திருக்கும். ஆனால் ஆறு மாதமாக என் கொள்கையைப் பற்றி என்னிடம் யாரும் கேட்டதே இல்லை. கேட்கிற காது கிடைத்ததும் நாக்கு எழுந்துவிட்டது.

“இந்த வீட்டு சோத்துல மருந்து ஜாஸ்திங்க” என்றேன், குரலைத் தாழ்த்தி. குரலைத் தாழ்த்தியதுதான் பெரிய தப்பு. தாழ்ந்த குரலை எல்லாரும் கேட்டார்கள்.

அத்தையின் கை இலைக்கு மேலே நின்றது. “மருந்தா?”

“ஆமாங்க.”

“உங்களுக்கு யார் சொன்னது?”

“யார் சொல்லணும்? எனக்கே தெரியும். நாலு தரம் போட்டிருக்காங்க. மாமா வந்து கேட்டாரு. மாமனார் கேட்டா இல்லேனு சொல்ல முடியுங்களா? நான்தான் என் கையாலயே குடுத்தேன்.”

“நீங்களே குடுத்தீங்களா?” அவள் குரலில் அப்படி ஒரு பரிவு. இவ்வளவு புரிந்துகொள்ளும் மனுஷியை நான் பார்த்ததில்லை என்று நினைத்தேன்.

“எங்க மாமியார்தான் கலந்து குடுப்பாங்க. மாமா போடுவாரு. இவங்க வழக்கம் அதுங்க. போடலேனா கையில நிக்காதுனு ஒரு பயம்.”

“உங்க சம்சாரத்துக்குத் தெரியுமா?”

“தெரியாம? பொறந்ததுலேர்ந்து பாத்துக்கிட்டுதான இருக்கா. நான் சொன்னா சிரிக்கறா.”

“இப்ப உடம்பு எப்டி இருக்குது?”

கேட்டாளே ஒரு கேள்வி. நான் தூக்கை ஓரமாக வைத்துவிட்டு முழுசாகச் சொன்னேன். “முடி கொட்டுதுங்க. எளைச்சுட்டேன். அப்பல்லாம் சாப்பிட்டா ஒரு மந்தம் வரும். யார் இன்னா சொன்னாலும் தலையாட்டிடுவேன். ஆறு மாசமா நிறுத்திட்டேன். இப்பதான் ஒரு தெளிவு.”

வரிசை முழுக்க இலையிலிருந்து கைகள் எழும்பின. சத்தமே இல்லாமல், குளத்திலிருந்து கொக்குகள் எழும்புவதுபோல. என் மாமியார் நெய்க் கரண்டியோடு நடுக் கூடத்தில் நின்றுவிட்டாள். அந்த முகத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை. அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. எனக்குத்தான் ஒன்றும் புரியவில்லை.

அப்போதுதான் அம்சா குழம்பு வாளியோடு உள்ளிருந்து வந்தாள். அவள் காதில் விழுந்தது, நான் நிறுத்திவிட்டேன் என்றது மட்டும். ஆறு மாதக் கத்தரிக்காயும் ஆறு மாதச் சொற்பொழிவும், நாலு பேர் முன்னால் அம்மா தலைகுனிந்து நிற்பதும் சேர்ந்து அவளுக்குள் ஏதோ பொங்கி வழிந்தது.

“எங்க நிறுத்தினாரு?” என்றாள். “ஆறு மாசமா அதையேதான் போட்டுக்கிட்டு இருக்கேன். அவருக்குத் தெரியாம.”

வெளியே ஒரு மாடு தலையை ஆட்டிய மணிச் சத்தம் மட்டும் கேட்டது.

“கேட்டியா ஏழுமல” என்றாள் அலமேலு அத்தை. “பொண்ணே வாயால சொல்லிட்டா. எந்திரி. கை நனைக்காத.” எழுந்து சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தாள். என் தாடையைப் பிடித்து முகத்தை நிமிர்த்தி, முன்னந்தலையைக் கவனமாகப் பார்த்தாள். “பாவம், உருக்குலைஞ்சு போய்க் கெடக்கறாரு. பயப்படாத மாப்ள. போளூர்ல மருந்து எடுக்கற ஆளு ஒருத்தர் இருக்காரு. ஏதோ ஒரு சாறு குடிக்கக் குடுப்பாரு. வாந்தியோட வந்துடும், உருண்டை உருண்டையா.”

மருந்து எடுக்கிற ஆள்.

அப்போதுதான் அந்த நாலாவது அர்த்தம் என் மண்டையில் இறங்கியது. புருஷன் கைக்குள் அடங்கிக் கிடக்க வேண்டுமென்று சோற்றில் ரகசியமாகக் கலந்து வைப்பார்களாமே, அந்த மருந்து. முடி கொட்டும், உடம்பு இளைக்கும், சொன்னதற்கெல்லாம் தலையாட்டுவான் என்பார்களே, அது. என் மாமியாரும் மனைவியும் சேர்ந்து எனக்கு மருந்து வைத்தார்கள் என்று, அவர்கள் வீட்டுக் கூடத்தில், அவர்கள் பெண்ணைக் கொள்ள வந்தவர்களிடம் ஆதாரத்தோடு சாட்சி சொல்லி முடித்திருந்தேன்.

“ஐயோ, அந்த மருந்து இல்லீங்க. பயிருக்குப் போடறது” என்றேன். யாரும் கேட்கவில்லை. மருந்து வைக்கப்பட்டவன் பேச்சை யார் கேட்பார்கள்?

கொல்லையில் சொம்பு கழுவிக்கொண்டிருந்த மாமனார் சத்தம் கேட்டு உள்ளே வந்தார். “இன்னா, மருந்தா? யாருக்கு வேணும்?” என்றார் வெள்ளந்தியாக. நேராக மாட்டுக் கொட்டகைக்குப் போனார். டின்னோடு திரும்பினார். “இதானுங்களே?” என்று நீட்டினார். டின்னின் மேல் ஒரு மண்டை ஓடு, கீழே பெருக்கல் குறியாக இரண்டு எலும்பு.

அலமேலு அத்தை இரண்டடி பின்னால் போனாள். “மண்ட ஓடு வேறயா? மந்திரிச்சதா இது?”

இதுவரை ஒரு வார்த்தை பேசாமல் இருந்த ஏழுமலை அப்போது எழுந்தான். போய்விடப் போகிறான் என்று நினைத்தேன். கூடத்துக்குப் பக்கத்து அறைக் கதவு பாதி சாத்தியிருந்தது. அதன் பின்னால் மஞ்சுளா நிற்கிறாள் என்று எல்லாருக்கும் தெரியும். இவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருந்த வளையல் சத்தம் நின்றிருந்தது. ஏழுமலை மாமனார் கையிலிருந்து டின்னை வாங்கினான். எழுத்துக்கூட்டிப் படித்தான். காதருகே வைத்துக் குலுக்கினான்.

“இது புகையான் மருந்து அத்த.”

“இன்னா மருந்தா இருந்தா இன்னா?”

“நம்ம ஊட்டுலயும் ரெண்டு இருக்குது. பரண் மேல. எலி உருட்டுதுனு நீதான சாக்குப் போட்டு மூடின.”

எல்லார் கண்ணும் என் பக்கம் திரும்பியது. அதுவரை நான் பரிதாபத்துக்குரியவன். ஒரே நொடியில் கிறுக்கன். இரண்டில் முதலாவதே தேவலை.

ஆனாலும் அலமேலு அத்தை லேசில் விடுகிறவள் இல்லை. “சரி, அது பயிர் மருந்தாவே இருக்கட்டும். தெரியாம போட்டேன்னு இந்தப் பொண்ணு சொன்னாளே. அதுக்கு இன்னா அர்த்தம்?”

அம்சா வாளியைக் கீழே வைத்தாள். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“அரிசிங்க” என்றாள். “எங்க அப்பா வூட்டு அரிசி. இவரு வாணாம்னு திருப்பி அனுப்பின ரெண்டு மூட்டையும் பக்கத்து வூட்டு டீச்சரம்மா வூட்லதான் இருக்குது. இவரு வாங்கறது மாசத்துல பத்து நாளைக்கி வராது. அதனால நான் அங்கேர்ந்து ஒரு படி, ரெண்டு படி கொண்டாந்து இவரு பானையில கொட்டிடுவேன். அதத் துன்னுட்டுத்தான் மணக்குது மணக்குதுனு சொன்னாரு.”

யாரோ ஒருவர் முதலில் சிரித்தார். அவரை அடக்கப் பார்த்து இன்னொருவர் சிரித்தார். நான் தூக்கைப் பார்த்தேன். அன்று காலை அம்சா பொங்கிய சோற்றில் நானே எடுத்து வைத்தது. அதற்குள் இருந்ததும் என் மாமனாரின் நெல்தான் என்று அந்த நிமிஷம் புரிந்தது. நாக்கில் பட்டதும் தெரியும் என்று ஆறு மாதம் மார்தட்டிய நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

ஏழுமலை அந்தப் பாதிக் கதவை ஒரு தடவை பார்த்தான். டின்னை மாமனாரிடம் கொடுத்தான். கையைக் கழுவிவிட்டு வந்து, தன் இலை முன்னால் உட்கார்ந்தான்.

“சோறு ஆறுது” என்றான்.

அத்தை, “ஏழுமல” என்றாள்.

அவன் சோற்றில் பள்ளம் பறித்தான். “குழம்பு ஊத்துங்க அண்ணி” என்றான் அம்சாவைப் பார்த்து. பிசைந்தான். ஓர் உருண்டையை வாயில் போட்டான். கை நனைந்துவிட்டது. கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் மறுபடி கேட்டது. அலமேலு அத்தை உட்கார்ந்தாள், ஆனால் சோற்றைத் தொடவில்லை. ஒரு வாழைப்பழம் சாப்பிட்டாள். கல்யாணத்திலும் வாழைப்பழம்தான். மஞ்சுளா தன் கையால் சமைத்துப் போட்ட பிறகும் ஒரு வருஷம் போலத் தயங்கித் தயங்கித்தான் சாப்பிட்டாள் என்று கேள்வி.

திரும்பி வரும் பஸ்ஸில், பால்குடி மறக்காத எங்கள் சின்னவன் அம்சாவின் மடியில் தூங்கினான். மகள் ஜன்னலோரம். வெளியே அறுத்த வயல்கள் வெறும் அரிதாளாக ஓடின. தூரத்தில் மலை வந்துகொண்டே இருந்தது, வந்து சேராமல்.

“ஆறு மாசமா?” என்றேன்.

“பின்ன இன்னா பண்றது? தெரிஞ்சா துன்னமாட்டீங்க. துன்னலேனா படுத்துடுவீங்க.”

“அப்ப செங்கம் ரோட்டு அரிசி?”

அவள் மகளின் பின்னலைச் சரி செய்தாள்.

“அது பாப்பாவுக்கு” என்றாள். “தனியா சின்னப் பானையில வச்சிருக்கேன். அவளுக்கு மட்டும் அதுல பொங்கறேன். மாசம் பூரா வருது. அவ இன்னா பெரிசா சாப்பிடப் போறா.”

என்னை நம்பாமல் ஏமாற்றினாள் என்று கோபப்பட இடம் தேடிக்கொண்டிருந்தவன் நான். நான் சொன்னதை இந்த உலகத்தில் ஒரே ஓர் ஆள் நம்பியிருக்கிறாள். நம்பி, வாங்க முடிந்த அளவை யாருக்குக் கொடுக்க வேண்டுமோ அவளுக்குக் கொடுத்திருக்கிறாள். எனக்குக் கொள்கை இருந்தது, அவளிடம் அளவு இருந்தது. இரண்டு கிலோவை மூன்று பேருக்குப் பங்கிட்டுப் பார்க்க எனக்குத் தோன்றியதே இல்லை. அள்ளி முகர்ந்து கண்ணை மூடத்தான் தெரிந்திருந்தது.

மாமனாரிடம் மறுவாரம் போய் நின்றேன். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. அவரே தொடங்கினார். “அன்னிக்கே சொல்லியிருந்தா ஆச்சில்ல மாப்ள? உங்களுக்குனு ஒரு மூலையில போடாம வுட்டிருப்பேனே.” அடுத்த சாகுபடிப் பட்டத்தில் கிணற்றோரம் பத்து சென்ட் மருந்து போடாமல் விட்டார். விளைச்சலைப் பார்க்க என்னை வரச் சொன்னார். பூச்சி தின்றது போக ஒரு மூட்டை தேறியது. சுற்று வயல்காரர்கள், “மாப்ளைக்கு நேர்ந்து வுட்டதா?” என்று கேட்டார்களாம். ஆமாம் என்றாராம். அந்த மூட்டையை இந்த முறை நான் மரியாதையாகத் தோளில் வாங்கிக்கொண்டேன். அது நேராகச் சின்னப் பானைக்குப் போயிற்று. பெரிய பானையில் எப்போதும்போல மற்ற மூட்டைகள். நான் இரண்டையும் பிரித்தறிய முயற்சி செய்வதை நிறுத்தினேன். உரக்கடை வேலையை விட இன்னும் சில வருஷங்கள் ஆயின. அதுவரை அந்த விரல்கள்தான், அந்த வாசனைதான்.

எனக்குப் பெயர் நிலைத்துவிட்டது. ‘மருந்து மாப்ள.’ ஊரில் எனக்கு இன்னொரு பெயர் இருந்தது என்பதே அடுத்த தலைமுறைக்குத் தெரியாது. பெயரோடு போயிருந்தால் பரவாயில்லை. ஏழுமலை என்ற என் சகலை, பார்க்கத்தான் வாயில்லாப் பூச்சி. தன் கல்யாணப் பந்தியில், எல்லாருக்கும் சோறு விழுந்த பிறகு, கையைத் தூக்கிப் பந்தியை நிறுத்தினான். “மொதல்ல சகல ஒரு வாய் சாப்பிடட்டும். அவரு ஒண்ணும் இல்லேனு சொன்னா நாம சாப்பிடலாம்” என்றான். பந்தி மொத்தமும் சிரித்தது. நான் ஒரு வாய் சாப்பிட்டேன்.

அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் எங்கே கை நனைத்தாலும் முதல் இலை எனக்கு. என் மகளுக்கு நடந்தது, மஞ்சுளாவின் பிள்ளைகளுக்கு நடந்தது. இப்போதைய பிள்ளைகளுக்கு இது எப்படி வந்தது என்று தெரியாது. பழங்கால வழக்கம் என்றே நம்புகிறார்கள். போன தையில் ஒரு சம்பந்தி வீட்டுப் பெரியவர், “இது உங்க குல வழக்கமுங்களா?” என்று கேட்டார். சகலை கொஞ்சமும் சிரிக்காமல், “ஆமாங்க, வழிவழியா வருது” என்றான்.

கூடம் முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். நான் பிசைந்து, ஒரு வாய் போட்டு, மென்று விழுங்கி, தலையை ஆட்டுவேன். யாராவது ஒரு பெண் உள்ளே திரும்பிக் குரல் கொடுப்பாள்: “சாப்ட்டாரு அக்கா.” உள்ளிருந்து அம்சாவின் குரல் வரும்: “உசுரோட இருக்காரா? சரி, வாளியத் தூக்கு.”